புதியது மேலே

பேரணாம்பட்டிலிருந்து அந்த போன் வந்தபோது செல்வகுமார் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தின் கூடம் அது. இரண்டு மணிக்கு ஒருமுறை தொட்டிகளிலிருந்து தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. திரையில் தெரியாத எண். தெரியாத எண்ணாக இருந்தால்தான் அவன் இன்னும் வேகமாக எடுப்பான். ஐந்து வருடமாக அப்படித்தான்.

பேசியவர் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு தோன்றியது.

"தம்பி, அந்த ரத்த குரூப் நடத்துறது நீங்கதான? என் பேரு ஹயாத் பாஷா. நசீமுன்னிசா வூட்டுக்காரன்."

பெயரைக் கேட்டதும் செல்வகுமாருக்கு நினைவு வந்துவிட்டது. பதினோரு நாளைக்கு முன்னால் வந்த கோரிக்கை. நசீமுன்னிசா, நாற்பத்தொரு வயது, பி நெகட்டிவ், நான்கு யூனிட். இரண்டு மணி நேரத்தில் நான்கு பேரும் கிடைத்தார்கள். அன்று அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

"ரத்தம் கெடச்சுதுங்க. அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ ரெண்டாம் நாளே போய்ட்டா. இன்னும் போன் வந்துனே இருக்கு தம்பி. ரத்தம் வேணுமா, எந்த ஆஸ்பத்திரி, இப்ப கெளம்பட்டுமான்னு. ஒரு நாளைக்கு முப்பது பேரு, நாப்பது பேரு. ஒவ்வொருத்தர் கிட்டயும் அவ போய்ட்டான்னு நான் என் வாயால சொல்ல வேண்டியிருக்கு."

அந்தப் பதிவை அன்றே எடுத்துவிட்டோம் என்று செல்வகுமார் சொன்னான். அது உண்மைதான். ஆனால் வேறு வேறு ஆட்கள் பகிர்ந்த நகல்கள் இருந்தன. அவற்றை எடுக்க அவனால் முடியாது. அன்றைக்கு நசீமுன்னிசாவுக்காக ஆயிரக்கணக்கான பேர் 'பகிர்கிறேன்', 'பிரார்த்தனை செய்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள். அத்தனை அன்பும் இப்போது அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை இப்படி இல்லை. தெருமுனை என்ற அந்தச் செயலியில் கடைசியாக யார் எழுதினார்களோ அது மேலே இருக்கும். பழையது தானாகக் கீழே போய்விடும். செல்வகுமாரின் 'உதிரம்' குழு அந்த ஒரே ஒரு வசதியை நம்பித்தான் நடந்தது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பத்தொன்பதாயிரம் பேர். ஒருவர் கேட்பார், ஒருவர் 'போகிறேன்' என்று எழுதுவார், வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். திடீரென ஒரு காலையில் தெருமுனைக்காரர்கள் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். இனி எதற்கு அதிகம் விருப்பம் விழுகிறதோ, எது அதிகம் பகிரப்படுகிறதோ அதுதான் மேலே வரும். உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு, அதன் கீழே ஒரு பட்டாசு படம்.

முதல் வாரத்திலேயே அதன் விளைவு தெரிந்துவிட்டது. குடியாத்தத்தில் ஒரு குழந்தைக்கு டெங்கு. தட்டணுக்கள் வேண்டும் என்று அப்பா காலை எட்டு மணிக்கு எழுதியிருக்கிறார். அதற்கு மேல் பத்து நாள் பழைய பதிவுகள் இருபது. பிற்பகல் மூன்று மணிக்கு, விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனபோதுதான் செல்வகுமார் அதைப் பார்த்தான். ஏழு மணி நேரம். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து அவன் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து அடிவரை போய்ப் பார்க்க ஆரம்பித்தான். வண்டியில் போகும்போது ரயில்வே கேட்டில் நின்றால் பார்ப்பான். மாதிரிக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பான். தெருமுனைக்கு ஐந்து முறை புகார் எழுதினான். ஐந்து முறையும் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழையோடு வந்தது.

மனைவி மோகனா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலான அப்பரைத் தைக்கும் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் ஊசியையே பார்க்கும் கண்ணுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடும் புருஷனின் கை சோற்றிலிருந்து போனுக்குப் போவது தெரியாமலா போகும்? ஒருநாள் அவன் போனை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். பத்து நிமிடத்தில் அவனே எழுந்து போய் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஹயாத் பாஷா பேசிய அன்று மாலை நிஷா அழைத்தாள். காட்பாடி ரயில் பயணிகள் குழுவை நடத்துபவள். வேலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். எந்த ரயில் தாமதம், எந்தப் பெட்டியில் இடம் என்று காலை வேளையில் சொல்லும் குழுவில் நேற்றைய ரயிலும் முந்தாநேற்றைய ரயிலும் மேலே வந்தால் என்ன ஆகும்? அவளும் கொதித்துப் போயிருந்தாள். தமிழ்நாடு முழுவதும் நூற்று முப்பத்தொன்பது குழுக்களை நடத்துபவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். சந்தை விலை சொல்பவர்கள், பஸ் நேரம் சொல்பவர்கள், காணாமல் போனவர்களைத் தேடுபவர்கள். எல்லோரும் முகப்புப் படத்தை மாற்றி நின்றுபோன கடிகாரம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாக் குழுக்களையும் பூட்டுவது, ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறப்பது. உள்ளே வந்தவருக்கு ஒரே ஒரு வரிதான் தெரியும்: நேர வரிசையைத் திருப்பிக் கொடு.

செல்வகுமார் உடனே முடியாது என்றான். ரயில் குழுவைப் பூட்டினால் நாலு பேர் ரயிலைத் தவற விடுவார்கள். ரத்தக் குழுவைப் பூட்டினால்?

நிஷா சொன்னாள். "அண்ணா, நாங்க நூத்தி முப்பத்தொம்பது பேரு பூட்டினா வேலை இல்லாதவங்க கத்துறாங்கன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. நீங்க பூட்டினாத்தான் ஏன்னு கேப்பாங்க. நான் உங்களைக் கட்டாயப்படுத்தலை. ஆனா நெலமை அதான்."

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினான். ஹயாத் பாஷாவுக்கு ஒரு புதிய சிம் கார்டு வாங்கிப் போயிருந்தான். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. பெரிய மசூதிக்குப் பின்னால் சின்ன வீடு. ஹயாத் பாஷாவுக்கு நாற்பத்தாறு நாற்பத்தேழு வயதிருக்கும். தோல் சீவும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். இயந்திரச் சத்தத்தால் ஒரு காது மந்தம். பேசும்போது வலது பக்கமாகத் தலையைத் திருப்பினார். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மகளை வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நேற்றுத்தான் திரும்பிப் போனாள் என்றார்.

சிம் கார்டைப் பார்த்துவிட்டு அவர் தள்ளி வைத்தார். எரிச்சல்தான் முதலில் வந்தது. பழைய எண் அவளுடைய தாய்வீட்டு ஆட்களுக்கெல்லாம் தெரியும். அதை எதற்கு மாற்றுவது, தப்பு செய்தது நானா என்று கேட்டார். பிறகு அவராகவே எழுந்து போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டு வந்து அவன் மடியில் வைத்தார்.

உள்ளே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர், போன் நம்பர், சில இடங்களில் தொழில். எழுத்து முதல் பக்கத்தில் கோணலாக இருந்தது, போகப் போக நேராகியிருந்தது.

"போன் பண்றவங்க கிட்ட அவ போய்ட்டான்னு சொன்னா அவங்களும் பாவம், இன்னா பேசறதுன்னு தெரியாம நிக்கறாங்க. அப்புறம், பாய், என் நம்பரையாவது எழுதிக்கங்க, வேற யாருக்காவது வேணும்னா கூப்டுங்கன்றாங்க. எழுதலன்னு எப்படி சொல்றது? எழுதிட்டேன்."

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் பி நெகட்டிவ். செல்வகுமாரின் குழுவில் பத்தொன்பதாயிரம் பேர் இருந்தும், யார் என்ன பிரிவு என்று இப்படி ஒரு பட்டியல் அவனிடம் இல்லை. கேட்டால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

மாலையில் ஆம்பூர் திரும்பினான். இரவு சாப்பாட்டின்போது மோகனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நிஷா சொன்னது, நோட்டு, வெள்ளிக்கிழமை. அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மூடறதுன்னா மூடுங்க. ஆனா போனை எடுக்க ஆள் வெச்சிட்டு மூடுங்க. சும்மா பூட்டிட்டு ஒக்காந்திருந்தீங்கன்னா ரெண்டு நாளும் நீங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டீங்க."

அப்படித்தான் முடிவானது. குழு பூட்டியிருக்கும், ஆனால் பூட்டின் மேல் மூன்று போன் நம்பர்கள் இருக்கும். ஒன்று செல்வகுமாருடையது, இரண்டாவது மோகனாவுடையது. மூன்றாவது நம்பருக்கு அவன் யாரையும் கேட்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஹயாத் பாஷாவே அழைத்து, எப்படியும் என் போன் அடிச்சினேதான் இருக்கப் போவுது, அதையும் போட்டுக்கோ என்றார். வியாழக்கிழமை அவன் அறிவிப்பை எழுதினான். ஒரு மணி நேரத்தில் நானூறு பேர் பதில் எழுதினார்கள். பாதிப் பேர் கூட நிற்கிறோம் என்றார்கள். மீதிப் பேர், ரத்தத்தை வைத்து அரசியல் பண்ணுகிறாயா, ஒரு உயிர் போனால் உன் மேல் கேஸ் போடுவோம் என்று எழுதினார்கள். நானூறு பதில் வந்ததால் அந்த அறிவிப்பு எல்லோருக்கும் முதலில் தெரிந்தது. அதைவிட அவசரமான மூன்று கோரிக்கைகள் அதன் அடியில் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து ஆளுக்கு ஆள் போன் செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூட்டினான். ஏழே முக்காலுக்கு ஹயாத் பாஷா நோட்டோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முன்னறையில் பாய் விரித்து, மோகனா வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற போனையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அன்று மொத்தம் ஒன்பது அழைப்புகள். எட்டுக்கு ஆள் கிடைத்தது, ஒன்றுக்கு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலேயே இருந்தது. மாலையில் மோகனா வேலை முடிந்து வந்து தேநீர் போட்டுக் கொடுத்தபோது செல்வகுமார் அரை டம்ளர் குடித்தான். ஹயாத் பாஷா மருமகன் வீட்டில் படுத்துக்கொள்ள வாணியம்பாடிக்குப் போய், மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையிடமிருந்து அறிவிப்பு வந்தது. உறுப்பினர்களுக்கு இடையூறாகப் பூட்டப்பட்ட குழுக்கள் பிற்பகல் இரண்டு மணிக்குள் திறக்கப்படாவிட்டால், அவை வேறு பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்படும்.

செல்வகுமார் அதை மூன்று முறை படித்தான். வேறு பொறுப்பாளர் என்றால் யார்? சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, ஆலங்காயத்திலிருந்து கேட்டால் வாணியம்பாடிக்காரரைக் கூப்பிட வேண்டும், வேலூர்க்காரரைக் கூப்பிடக் கூடாது என்று எப்படித் தெரியும்? பொய்யாக ரத்தம் கேட்டு நம்பர் சேர்க்கிறவனை எப்படித் தெரியும்? நிஷா அழைத்தாள். அதற்குள் முப்பது பேர் பயந்து திறந்துவிட்டார்களாம். உங்க இஷ்டம் அண்ணா என்றாள். இரண்டு மணிக்குள் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு ராஜேஷ் என்று ஒருவன் அழைத்தான். அவனுடைய அக்கா மேகலாவுக்கு விடிகாலையில் ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்திருக்கிறார்கள். ஆம்பூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ரத்தப்போக்கு நிற்கவில்லை. இருந்த இரண்டு யூனிட்டையும் ஏற்றிவிட்டார்கள், இன்னும் இரண்டு வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சோதித்து ஏற்ற நேரம் பிடிக்கும், அதனால் ஒரு மணிக்குள் ஆள் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன பிரிவு என்று செல்வகுமார் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலைச் சத்தமாகத் திரும்பச் சொல்லாமல் ஹயாத் பாஷாவைப் பார்த்தான். ஆனால் போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மந்தமான காதுக்கும் பி நெகட்டிவ் என்பது கேட்டுவிட்டது.

ஹயாத் பாஷா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இருந்த பெயர்களின் மேல் விரலை ஓட்டி, முதல் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். இவர் போனைச் செல்வகுமாரிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எடுத்தவர் ஓசூரில் இருந்தார். வர முடியாது என்று வருத்தப்பட்டார்.

திரும்பி வந்தவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"வணக்கங்க. பேரணாம்பட்டு ஹயாத் பாஷா. நீங்க அன்னிக்கு எனக்குப் போன் பண்ணீங்க, நான் வேணாம்னு சொன்னேன். இன்னிக்கு வேணும். ஆம்பூர்ல ஒரு பொண்ணு, குழந்தை பொறந்திருக்கு."

அதையே ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. இரண்டாவது எண் அணைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது ஆள் உடனே கிளம்புகிறேன் என்றவர், நேற்றுக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதையும் சொன்னார். அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது, வாணியம்பாடி கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு அம்மா. வகுப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். ஐந்தாவது மூர்த்தி. ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம் பிரிவு. வரத் தயார், ஆனால் வண்டி இல்லை, ஷிப்டில் இருக்கிறேன் என்றார்.

மணி பன்னிரண்டு. செல்வகுமார் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

தொழிற்சாலை வாசலில் காவல்காரர் உள்ளே விடவில்லை. மூர்த்தியின் மேற்பார்வையாளர் மேல்மாடியில் இருக்கிறார், அவர் சொன்னால்தான் ஆளை வெளியே அனுப்ப முடியும் என்றார். ஆறு நிமிடம் நின்றான். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிஷாவாக இருக்கும், மோகனாவாக இருக்கும், இன்னொரு கோரிக்கையாகவும் இருக்கும். எடுத்துப் பார்த்தால் வேறு எதையாவது சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று பயந்து எடுக்காமலே நின்றான். பிறகு கேட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். அனுமதி கிடைத்ததா என்று செல்வகுமார் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாசனை. பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலையில் மேம்பாலம் கட்டும் இடத்தில் லாரிகள் நின்றிருந்தன. செல்வகுமார் மண்ணில் இறக்கி, தள்ளு வண்டிகளுக்கு இடையில் புகுந்து போனான். மூர்த்தி அவன் தோளைத் தட்டி, மெதுவா போங்க, விழுந்தா ரத்தம் இங்கயே போய்டும் என்றார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது பன்னிரண்டு ஐம்பது. ரத்தம் எடுக்கும் அறையில் வாணியம்பாடி அம்மா ஏற்கெனவே படுத்திருந்தார். மூர்த்தியின் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுருக்கினார். ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்குமா என்று சந்தேகம். இயந்திரம் எண்ணைக் காட்டியது. பன்னிரண்டு புள்ளி எட்டு. பன்னிரண்டரை இருந்தால் போதும். மூர்த்தி பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவில் ராஜேஷ் நின்றிருந்தான். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. செல்வகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியாது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை செல்வகுமார் பார்த்தபோது மணி இரண்டு இருபது. இரண்டு மணிக்குள் சொல்வதாக நிஷாவிடம் ஒப்புக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குழு இன்னும் தன்னிடம் இருக்கிறதா, போய்விட்டதா என்று, அதிர்ந்துகொண்டே இருந்த போனை எடுத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்றார். அப்போதுதான் ராஜேஷ் செல்வகுமாரின் கையை விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஹயாத் பாஷா போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டது, இன்றைக்கு வர வேண்டாம், இன்னொரு நாள் கூப்பிடுகிறேன் என்று. மூன்று மணி நேரத்தில் முப்பத்தேழு பேரிடம் பேசியிருந்தார். செல்வகுமார் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையாட்டினார். நோட்டில் இரண்டு பெயர்களுக்கு எதிரே அன்றைய தேதியைப் போட்டார்.

"நல்லது தம்பி" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "அவளுக்கும் நாலு பேரும் டயத்துக்குத்தான் வந்தாங்க" என்றார்.

செல்வகுமார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மோகனா சோறு கொண்டு வந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்துவிட்டு, சாப்பிடும் வரை எழுந்து போகவில்லை.

குழு போகவில்லை. தெருமுனைக்காரர்கள் மிரட்டினார்களே தவிரச் செய்யவில்லை. நூற்று நாற்பதில் தொண்ணூற்றாறு குழுக்கள் கடைசி வரை பூட்டியே இருந்தன. அவர்கள் பிற்பகலில் யாரையும் நீக்கப் போவதில்லை என்று ஒரு வரி வெளியிட்டிருக்கிறார்கள். அவன் ஆஸ்பத்திரியில் நின்றபோது நிஷா அதைச் சொல்லத்தான் அத்தனை முறை அழைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்தான். பூட்டியிருந்தபோது வந்தவை தனிப்பெட்டியில் பதினான்கு இருந்தன. போன் நம்பரைப் பார்க்காமல், அல்லது பார்த்தும் நம்பாமல் எழுதியவர்கள். ஒவ்வொருவரையும் அழைத்தான். பதின்மூன்று பேருக்கு வேறு வழியில் கிடைத்திருந்தது. இருவர் திட்டினார்கள், ஒருவர் எதற்கு இந்தக் குழுவே என்றார். பதினான்காவது, வேதாசலம் என்ற பெரியவருக்கு ஓ பாசிட்டிவ் ஒரு யூனிட், தொடை எலும்பு முறிவு, அவசர ஆபரேஷன். எழுதியது செல்லம்மாள், நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான்கு முறை எழுதியிருக்கிறார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

ஞாயிறு முழுக்க அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தான். மாலை ஐந்து மணிக்கு நிஷா அழைத்து, ஜெயிச்சிட்டோம் அண்ணா என்றாள். பயனர்களின் கருத்துக்கு மதிப்பளித்து, குழுப் பொறுப்பாளர்கள் விரும்பினால் 'புதியது மேலே' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. மன்னிப்பு ஏதும் இல்லை. செயலியின் அமைப்புகளுக்குள் மூன்று இடம் நுழைந்து போய் அதைத் தொட வேண்டும். பகிரப்பட்ட நகல்களை மொத்தமாக எடுக்கவும் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை அழுத்திவிட்டு ஹயாத் பாஷாவுக்குச் சொன்னான். பிறகு வரிசையை மாற்றினான். பத்தொன்பதாயிரம் பேருக்கும் புதியது மேலே வந்தது. நிஷா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அவனும் சந்தோஷம் என்று சொன்னான். ஆனால் அவளிடம் பேசி முடித்ததும் மறுபடி செல்லம்மாளின் எண்ணைத்தான் அழுத்தினான். அணைக்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அந்த எண்ணில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். செல்வகுமார் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் நின்றுகொண்டு, உதிரம் குழுவிலிருந்து பேசுகிறேன் என்றான்.

"இன்னாய்யா, இப்பத்தான் வெடிஞ்சுதா உங்களுக்கு? பக்கத்து வூட்டுப் பொண்ணை வெச்சு நாலு வாட்டி எழுதச் சொன்னேன். ஆத்திர அவசரத்துக்குன்னுதான வெச்சிருக்கீங்க? கதவை சாத்திட்டு எங்க போனீங்க எல்லாரும்?"

"பெரியவரு எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காரு. எங்க கொழுந்தனாரு மவன் வந்து குடுத்தான். காலைத் தூக்கிக் கட்டி வெச்சிருக்காங்க. இருக்காரு."

செல்லம்மாள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் போனுக்குச் சார்ஜ் போட ஒரு இடம் இல்லாதது, பக்கத்து வீட்டுப் பெண் சரியாகப் படிக்காமல் விட்டது, டாக்டர் அதட்டியது, எல்லாவற்றையும் சேர்த்து அவனைத் திட்டினார். போராட்டம் என்றோ, எதற்காகப் பூட்டினோம் என்றோ அவன் சொல்லவில்லை. தப்புதாம்மா என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னான். திட்டு குறைந்து, மூச்சு வாங்கி, கடைசியில் அவர் கேட்டார்:

"சரி, இனிமே எந்த நம்பருக்குப் பேசணும்னு சொல்லு. எழுதிக்கிறேன்."

அவன் தன் நம்பரைச் சொன்னான். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பச் சொல்லி எழுதினார். ஏழாவதோ எட்டாவதோ தப்பாக இருந்தது. அவன் முதலிலிருந்து மறுபடி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.